இடைப்பட்ட ஓராண்டு

"ஏனுங்கய்யா, இன்னொருக்கா எழுதட்டுங்களா?"

சென்ற ஆண்டுக் கோடையில் ஒரு நண்பகல் வேளை. துறை அறையின் வாயிலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்ற மாணவர் ஒருவர் நம்மிடம் இவ்வாறு கேட்டார். வணிகவியல் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருந்தவர். முதல் ஈராண்டுகள் நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்றவர். ஊர் திருச்செங்கோட்டை அடுத்த ஒரு சிற்றூர். தந்தையார் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் பணிபுரிபவர்; ஆண்டின் பெரும்பகுதியை வடமாநிலங்களில் கழித்துவிட்டு மழைக்காலத்தில் ஊர் திரும்புபவர். எம்.பி.ஏ. சேர்க்கைக்கான 'டான்செட்' நுழைவுத் தேர்வை மாணவர் எழுதியிருந்தார். தேர்வு முடிவு கைப்பேசித் திரையில் இருந்தது. விரும்பிய கல்லூரி கிடைக்க அம்மதிப்பெண் போதாது. அடுத்த தேர்வுக்கு ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

கேள்வி சிறியது. 'எழுதுங்கள், முயற்சி திருவினையாக்கும்' என்று சொல்லி அனுப்பிவிடுதல் எளிது. ஆசிரியர்களாகிய நாம் பெரும்பாலும் அதையே செய்கிறோம். ஆயினும் அன்று நம் வாய் உடனே திறக்கவில்லை. மறுநாள் வருமாறு கூறி அனுப்பிவிட்டோம். தேர்வை மீண்டும் எழுதுதல் என்னும் வழக்கம் நம்மிடையே எப்படி வந்தது, முன்னர் எழுதியவர்கள் என்ன ஆனார்கள் என்று அன்றிரவு எண்ணத் தொடங்கினோம். அவ்வெண்ணம் பல நாள் வாசிப்பாக நீண்டது. அதனை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோல்வி என்னும் சொல் வந்த காலம்

நம் பழைய கல்வி முறையில் 'ஃபெயில்' என்ற நிலை இருந்ததாகத் தெரியவில்லை. திண்ணைப் பள்ளியிலும் சரி, புலவர் ஒருவரிடம் தங்கிப் பாடம் கேட்கும் முறையிலும் சரி, ஒரு நூலை முடித்தவர் அடுத்த நூலுக்குச் சென்றார். முடிக்காதவர் அதையே இன்னும் சில நாள் படித்தார். எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே கேள்வி என்ற ஏற்பாடு இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே. சாமிநாதையர், எந்தப் பல்கலைக்கழகத் தேர்வும் எழுதாமலேயே 1880ஆம் ஆண்டில் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். இந்தக் கல்லூரியின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். இதே கல்லூரிக்குச் சற்று நேரத்தில் மீண்டும் வரவேண்டியிருக்கிறது.

1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்டது. அதனுடன் பொதுத் தேர்வு முறையும் வேரூன்றியது. பதிப்புலகின் முன்னோடியான சி.வை. தாமோதரம் பிள்ளை அப்பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர் என்பது நம் வாசகர்கள் அறிந்ததே. புதிய முறையின் நன்மையை மறைத்தல் நேர்மையாகாது. விடைத்தாளைத் திருத்துபவருக்கு எழுதியவரின் குலமும் குடும்பமும் தெரியா. யாருடைய மகன் என்று கேளாத ஒரு கதவு அன்றுதான் திறந்தது. ஆனால் கதவு என்றால் அது சாத்தப்படவும் செய்யும். கல்லூரிக்குள் நுழைய ஒரு தேர்வு, ஈராண்டு கழித்து எஃப்.ஏ., பின்னர் பி.ஏ. என்று ஒவ்வொரு படியிலும் பெருங்கூட்டம் நின்றுபோயிற்று. 'பி.ஏ. ஃபெயில்' என்பதையே ஒரு தகுதியாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கமும் உண்டாயிற்று. நின்றுபோனவர்கள் அடுத்த ஆண்டு மீண்டும் வந்து வரிசையில் நின்றார்கள். மறுதேர்வின் வரலாறு இவ்வாறு தொடங்கியது.

இராசிபுரமும் நாமக்கல்லும்

இவ்வரலாற்றில் இருவருடைய கதை நம் வட்டாரத்தோடு தொடர்புடையது. இருவரும் இங்கே வாழ்ந்தவர்கள் அல்லர். ஒருவருடைய பெயரின் முதலெழுத்தில் நம் ஊர் ஒன்று இருக்கிறது. மற்றவருடைய வழிபாட்டில் இன்னோர் ஊர் இருக்கிறது.

முதலாமவர் ஆர்.கே. நாராயண். முதலெழுத்தாகிய 'ஆர்' குறிப்பது இராசிபுரத்தை. அவர் 1906ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்து மைசூரில் பயின்றார். அங்கே தந்தையார் தலைமையாசிரியர். உயர்நிலைப் பள்ளியை முடித்த நாராயண் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றார். ஓராண்டு வீட்டிலேயே இருந்தார். அந்த ஆண்டு முழுவதும் படித்தார், எழுதிப் பார்த்தார். 1926இல் தேர்வில் தேறி மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் பெறவும் மற்றவர்களைவிட ஓராண்டு கூடுதலாயிற்று. பிற்காலத்தில் ஆங்கிலத்தில் எழுதி உலகறிந்த நாவலாசிரியரானவர் இவரே. 1937இல் வெளியான நாவலுக்கு 'தி பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்' என்று பட்டத்தின் பெயரையே சூட்டினார்.

அவர் தோற்ற ஆண்டு எத்தகையது என்பதைக் கவனிக்க வேண்டும். தலைமையாசிரியர் வீடு. பள்ளியின் நூலகம் கைக்கெட்டும் தொலைவில். மூன்று வேளை உணவுக்குக் குறைவில்லை. மகன் ஓராண்டு வேலைக்குச் செல்லாமல் புத்தகத்தோடு திரிந்தால் குடும்பம் சாய்ந்துவிடாது. தோல்வி அவருக்கு ஓய்வைத் தந்தது. ஓய்வு அவரை எழுத்தாளராக்கத் துணைபுரிந்தது.

இரண்டாமவர் சீனிவாச இராமானுஜன். 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், காவிரிக்கு அக்கரையில் உள்ள ஈரோட்டில் பிறந்தவர். குடும்பத் தெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். தம் கணிதச் சிந்தனைகள் தாயாரின் அருள் என்றே அவர் கருதினார். மலைக்கோட்டையின் அடிவாரத்தில், நரசிம்மர் குடைவரையை அடுத்த அந்தத் தாயார் சந்நிதியின் முன் இன்றும் தேர்வுக் காலத்தில் நுழைவுச் சீட்டுகளைக் கையிலேந்திய பிள்ளைகளைக் காணலாம். அவர்களுள் எத்தனை பேர் இராமானுஜன் எழுதிய மறுதேர்வுகளைப் பற்றி அறிவார்கள் என்று நாம் எண்ணியதுண்டு.

1904இல் இராமானுஜன் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். எந்தத் தேர்வும் எழுதாத உ.வே.சா. அதற்கு முந்தைய ஆண்டுதான் அக்கல்லூரியிலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகியிருந்தார். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாத இராமானுஜன் மற்றப் பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். 1905இல் எவரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906 டிசம்பரில் எஃப்.ஏ. தேர்வு எழுதினார், தோற்றார். ஓராண்டு கழித்து மீண்டும் எழுதினார், மீண்டும் தோற்றார். உடலியல் உள்ளிட்ட பாடங்கள் அவரை வீழ்த்தின.

அவருடைய இடைப்பட்ட ஆண்டுகள் நாராயணின் ஆண்டைப் போன்றவை அல்ல. தந்தையார் புடவைக் கடையில் எழுத்தர். உதவித்தொகை இல்லை, வேலை இல்லை, பல நாள் உணவுக்கே இடர்ப்பாடு. நோட்டுப் புத்தகங்களில் தேற்றங்கள் மட்டும் நிறைந்துகொண்டிருந்தன. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914இல் கப்பலேறினார். 1916இல் ஆய்வின்வழி பட்டம். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். 1920இல், 32ஆம் வயதில் மறைவு.

அவரை இனங்கண்ட ஹார்டியும் தேர்வு முறையின்மேல் மனக்குறை உடையவரே. கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வில் மாணவர்களை வரிசைப்படுத்தி முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை எதிர்த்தவர்களுள் அவர் ஒருவர். 1898இல் அத்தேர்வில் தாமே நான்காம் இடம் பெற்றிருந்தும் எதிர்த்தார். அந்த வரிசை 1909ஆம் ஆண்டுடன் நின்றது. தேர்வுத் தரத்தைப் பாராமல் கடிதத்தில் இருந்த கணிதத்தைப் பார்க்கும் கண் அவருக்கு வாய்த்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

ஆனால் இந்த இருவர் கதையை எடுத்துக்காட்டி மாணவர்களை ஊக்குவிப்பதில் ஓர் ஆபத்து உண்டு. கடிதத்தைப் படிக்க ஒரு ஹார்டி கிடைக்காத இராமானுஜன்கள் எத்தனை பேரோ, அவர்களுடைய வரலாறு எழுதப்படவில்லை.

வணிகக் கல்விக்கு ஓர் அளவுகோல்

நம் மாணவர் எழுதிய தேர்வின் மூதாதையை அறிய அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும். 1953ஆம் ஆண்டில் அந்நாட்டின் ஒன்பது வணிகக் கல்வி நிறுவனங்கள் கூடி, தங்களிடம் விண்ணப்பிப்போரை ஒரே அளவுகோலால் அளக்க ஒரு பொதுத் தேர்வு வேண்டும் என்று முடிவு செய்தன. 1954இல் அத்தேர்வு முதன்முறையாக நடைபெற்றது. முதலாண்டில் எழுதப்பட்ட தேர்வுகள் 2,000க்குச் சற்று மேல். 1976இல் அதன் பெயர் மாறியது. அதுவே இன்று உலகெங்கும் 'ஜிமேட்' என அழைக்கப்படுவது. 1997இல் தாளும் பென்சிலும் போய்க் கணினி வந்தது. சரியான விடை அளித்தால் அடுத்த வினா கடினமாகும், தவறினால் எளிதாகும் என்னும் முறையும் உடன் வந்தது.

இத்தகைய தேர்வுகளைப் பயிற்சியால் வெல்ல முடியாது, இவை இயல்பான திறனை அளப்பவை என்று அமெரிக்கத் தேர்வாளர்கள் நெடுங்காலம் சொல்லி வந்தனர். நியூயார்க்கின் புரூக்ளினில் குழாய்ப் பணி செய்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஸ்டான்லி கேப்லன் 1938இல் வீட்டிலேயே தொடங்கிய தனிப்பயிற்சி வகுப்பு அக்கூற்றை அசைத்தது. அவரிடம் பயின்றவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். விவாதம் முற்றி, 1979இல் அந்நாட்டு அரசின் வணிக ஆணையம் ஆராய்ந்து, பயிற்சிக்குப் பயன் உண்டு என்று அறிக்கை தந்தது. பயிற்சியால் மதிப்பெண் உயரும் எனில், இரண்டாம் முறை எழுதுவதாலும் உயரும். அவ்வாறாயின் பயிற்சிக்கும் காத்திருப்புக்கும் கையில் பொருள் உடையவருக்கு அளவுகோல் சற்றே வளைந்து கொடுக்கிறது என்றாகிறது.

ஜிமேட் மதிப்பெண் ஐந்தாண்டுகள் செல்லும். சில வார இடைவெளியில் மீண்டும் எழுதலாம். ஆகவே அங்கே மறுதேர்வின் விலை ஒவ்வொரு முறையும் டாலரில் செலுத்தும் கட்டணம். நம் நாட்டில் அதன் விலை வேறு. இங்கே ஆண்டுகளாகச் செலுத்துகிறோம்.

ஊரெல்லாம் எழுதிய மறுதேர்வு

இந்திய மேலாண்மை நிறுவனங்கள் 1961இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் தொடங்கின. பெங்களூர் 1973இல் வந்தது. இவற்றுக்கான 'கேட்' தேர்வு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. மதிப்பெண் அவ்வாண்டின் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும். நம் பகுதிக்கு அண்மையில், காவிரியின் வழியே கீழிறங்கினால் வரும் திருச்சிராப்பள்ளியில், 2011இல் ஒரு நிறுவனம் அமைந்த பிறகு இத்தேர்வின் பெயர் நாமக்கல் மாணவர்களிடையேயும் கூடுதலாக அடிபடலாயிற்று.

இத்தேர்வின் வரலாற்றில் இரு நிகழ்ச்சிகள் நினைவுகூரத் தக்கவை. 2003 நவம்பர் 23ஆம் நாள் நடந்த தேர்வின் வினாத்தாள் முன்னரே வெளியாகிவிட்டது கண்டறியப்பட்டுத் தேர்வு நீக்கப்பட்டது. ஒரு தவறும் செய்யாத ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் 2004 பிப்ரவரி 15இல் மீண்டும் தேர்வு எழுத நேர்ந்தது. பின்னர் 2009இல் இத்தேர்வு முதன்முறையாகக் கணினிக்கு மாறியபோது பல மையங்களில் கணினிகள் பழுதுற்றன. நச்சு நிரல்கள் காரணமெனச் சொல்லப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 2010 ஜனவரி இறுதியில் மறுதேர்வு நடந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். சில வாரங்கள், மிகுந்தால் மூன்று மாதம். தேர்வு நடத்துவோர் பக்கம் பிழை நேர்ந்தால் பன்னிரண்டு வாரத்தில் மறுதேர்வு நடத்த முடிந்திருக்கிறது. மாணவனுக்கு அன்று காய்ச்சல் என்றால், முந்தைய இரவு வீட்டில் ஒரு சாவு என்றால், அவன் காத்திருக்க வேண்டியது ஓராண்டு. இதனை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. இடைவெளியின் நீளத்தை இயற்கை விதிக்கவில்லை, மனிதர்களே விதித்தார்கள் என்பதை மட்டும் குறித்து வைக்கிறோம்.

நாமக்கல் கண்ட இரண்டாம் முறை

1997ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. முட்டைக்கும் லாரிக் கூண்டு கட்டுவதற்கும் பெயர்பெற்ற இம்மாவட்டம் அவ்வாண்டுகளில் மூன்றாவதாக ஒன்றுக்கும் பெயர் பெற்றது. அது விடுதியுடன் கூடிய மேனிலைப் பள்ளிகள். கோழிப்பண்ணை வைத்த கைகளும் லாரி வைத்த கைகளும் பள்ளிக் கட்டடங்களை எழுப்பின. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் பெற்றோர் இரும்புப் பெட்டியும் பக்கெட்டுமாகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாமக்கல், இராசிபுரம் பேருந்து நிலையங்களில் வந்திறங்கிய காட்சி நம் தலைமுறைக்கு நன்கு நினைவிருக்கும்.

அன்று தொழிற்கல்விச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் 200க்கும், 1984இல் தமிழக அரசு கொண்டுவந்த நுழைவுத் தேர்வு 100க்கும் எனக் கணக்கிடப்பட்டது. அரை மதிப்பெண்ணில் மருத்துவ இடத்தை இழந்தவர் 'இம்ப்ரூவ்மென்ட்' என்னும் மேம்பாட்டுத் தேர்வை நாடினார். அதாவது ஏற்கெனவே தேறிய பாடங்களையே அடுத்த ஆண்டு மீண்டும் எழுதினார். முடிவுகள் வந்த மறுவாரமே இதற்கான விளம்பரத் தட்டிகள் எழும். அந்த ஓராண்டுக்கு விடுதிக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், வெளியுலகைக் காணாத வாழ்வு. கொடுக்க முடிந்தவர் கொடுத்தார். முடியாதவர் கிடைத்த படிப்பில் சேர்ந்தார்.

இது முறையன்று என்ற குரல் வலுத்தது. முதல்முறை எழுதி நல்ல மதிப்பெண் பெற்ற சிற்றூர்ப் பிள்ளை, இரண்டாம் முறை எழுதிய வசதியுள்ள பிள்ளைக்கு இடத்தை விட்டுக்கொடுப்பதா என்று கேட்டார்கள். மேம்பாட்டு மதிப்பெண் சேர்க்கைக்குக் கணக்கில் கொள்ளப்படாது என்ற நிலை வந்தது. நுழைவுத் தேர்வை நீக்க 2005இல் தொடங்கிய முயற்சி நீதிமன்றத் தடைகளைக் கடந்து, 2006ஆம் ஆண்டுச் சட்டமாகி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் 2007இல் நடைமுறைக்கு வந்தது.

ஆண்டுகள் பத்து உருண்டன. 2017 முதல் மருத்துவச் சேர்க்கைக்கு 'நீட்' தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதில் எத்தனை முறை எழுதினும் தடையில்லை. சாத்திய கதவு மறுபுறமாகத் திறந்துகொண்டது. நீதியரசர் ஏ.கே. இராஜன் தலைமையிலான குழு 2021இல் அளித்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களுள் மீண்டும் எழுதியவர்களின் பங்கு 2016-17இல் 12.47 விழுக்காடாக இருந்து, 2020-21இல் 71.42 விழுக்காடாக உயர்ந்தது. நான்காண்டுகளில் நேர்ந்த இம்மாற்றத்துக்கு விளக்கம் தேவையில்லை. முதல்முறை எழுதுபவர் விதிவிலக்காகவும் மறுமுறை எழுதுபவர் பொதுவிதியாகவும் ஆயினர்.

ஆகவே மறுதேர்வை ஒழித்துவிடலாமா? அவ்வாறு சொல்லவும் நமக்கு நாவெழவில்லை. காரணம் சொந்தக் கதை. விரிவுரையாளர் தகுதிக்கான 'நெட்' தேர்வில் நாம் தேறியது மூன்றாம் முறை. முதல்முறை வினாத்தாளைப் பார்த்தபோதுதான் அதன் போக்கே நமக்குப் புரிந்தது. நம் குடும்பத்தில் அத்தகைய தேர்வை அதற்குமுன் எவரும் எழுதியதில்லை. வழி சொல்லவும் ஆளில்லை. இரண்டாம் வாய்ப்பு இல்லாதிருந்தால் நாம் இன்று இவ்வறையில் அமர்ந்திருக்க மாட்டோம். ஆனால் நம் இடைப்பட்ட காலத்துக்கு விலை கொடுத்தவர் குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டிய அண்ணன். இரவுப் பாளியிலும் அவர் தறியடியில் நின்றார், நாம் படித்தோம். நம் சான்றிதழில் அவர் பெயர் இல்லை.

தரவு போதுமா?

இனி நம் மாணவருக்கு வருவோம். இளநிலைத் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வை நீக்கிய அதே தமிழ்நாட்டில், எம்.பி.ஏ. சேர்க்கைக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்திவரும் டான்செட் தொடர்கிறது. இரண்டு மணி நேரத்தில் 100 வினாக்கள்; தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். கிடைத்த மதிப்பெண்ணைக் கொண்டு கலந்தாய்வில் கல்லூரியைத் தெரிவு செய்ய வேண்டும். வினாக்கள் ஆங்கிலத்தில். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த நம் மாணவர், கணக்கில் தடுமாறவில்லை என்றும், ஆங்கிலப் பத்திகளை வாசித்து முடிக்கவே நேரம் போதவில்லை என்றும் கூறினார்.

அத்தேர்வில் ஒரு வகை வினா உண்டு, ஜிமேட்டிலும் உண்டு. ஒரு கேள்வியும் அதன்கீழ் இரண்டு கூற்றுகளும் தரப்படும். கேள்விக்கு விடை காண வேண்டியதில்லை. விடை காண அக்கூற்றுகள் போதுமா, போதாவா என்று மட்டும் சொல்ல வேண்டும். மாணவர் காட்டிய பழைய வினாத்தாளில் அதனைப் படித்தபோது நமக்கு வியப்பாக இருந்தது. மாணவருக்கு இவ்வளவு நுட்பமாகக் கற்பிக்கப்படும் ஒன்றை, மாணவரைப் பற்றி முடிவு செய்யும்போது நாம் மறந்துவிடுகிறோம். ஒரு மதிப்பெண், ஒரு நாள், இரண்டு மணி நேரம். இவரால் ஒரு நிறுவனத்தை நடத்த முடியுமா என்ற கேள்விக்கு இத்தரவு போதுமா? இரண்டாம் முறை எழுதிக் கூடுதலாகப் பெற்ற பத்து மதிப்பெண்ணைச் சேர்த்தால் மட்டும் போதுமாகிவிடுமா?

மறுநாள் வந்த மாணவரிடம் நாம் மூன்று செய்திகளைச் சொன்னோம். எழுதுவதாக இருந்தால் எதை மாற்றப்போகிறீர் என்று முதலில் ஒரு தாளில் எழுதும். விடை 'இன்னும் நன்றாகப் படிப்பேன்' என்பதாக இருந்தால் எழுத வேண்டா. ஆங்கில வாசிப்பே குறை என்றால் நாள்தோறும் ஒரு மணி நேரம் செய்தித்தாளுக்கு ஒதுக்கும். அது தேர்வு முடிந்த பிறகும் பயன்படும். மூன்றாவது, அந்த ஓராண்டை வெறுமையாக விடாமல் ஒரு வேலையில் சேரும். இரண்டாம் முறையும் கைகூடாவிட்டால் கையில் ஓராண்டு அனுபவமாவது மிஞ்ச வேண்டும். தலையாட்டிச் சென்றார். நாமக்கல்லில் ஒரு லாரி அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலையில் சேர்ந்தார்.

இவ்வளவில் கட்டுரை முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வாரம் மாற்றுச் சான்றிதழ் பெறுவதற்காக அதே வகுப்பு மாணவி ஒருவர் வந்தார். அவரும் டான்செட் எழுதியவர் என்பது பேச்சுவாக்கில் தெரியவந்தது. மதிப்பெண்ணைக் கேட்டோம். அந்த மாணவர் பெற்றதற்கு இரண்டு மூன்று கூடுதல். மீண்டும் எழுதும் எண்ணம் உண்டா என்றோம்.

"இல்லீங்கய்யா. ஒரு வருசம் சும்மா எதுக்கு வூட்ல வெச்சிருக்கோணும்னு சொல்றாங்க. மாப்பிள்ளை பாக்கறாங்க."

நாம் ஒன்றும் கூறவில்லை. கையொப்பமிட்டுக் கொடுத்தோம். அவர் சென்ற பிறகே, மாணவர் கேட்ட கேள்வியை அவர் கேட்கவில்லை என்பதும், கேட்க முடியாத இடத்தில் அவர் இருந்தார் என்பதும் உறைத்தன. ஒரே மதிப்பெண், ஒரே வகுப்பறை, இடைப்பட்ட ஓராண்டு ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை. நாராயணுக்கும் இராமானுஜனுக்கும் இடையிலான வேறுபாட்டை நூல்களில் தேடிக்கொண்டிருந்த நமக்கு, அது மேசைக்கு எதிரே வந்து நின்றபோது கண் தெரியவில்லை.

இவ்வாண்டு டான்செட் விண்ணப்பம் அறிவிக்கப்பட்ட அன்று நாமே அம்மாணவியின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தோம். தந்தையார் பேசினார். திருமணப் பேச்சு இன்னும் முடிவாகவில்லை. மகள் சேலத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குச் சென்று வருவதாகச் சொன்னார். தேர்வைப் பற்றி எடுத்துரைத்தோம். சற்று நேரம் அமைதி.

"சேலத்துலயே எழுதறதுன்னா எழுதட்டுங்க வாத்தியாரய்யா. ஒரு நாள்தானுங்களே."

இருவரும் எழுதினார்கள். என்ன மதிப்பெண் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. அது அவர்களுக்கு உரியது. அன்று மாலை மாணவி நம்மை அழைத்து, இம்முறை வாசிப்புப் பகுதியை முடித்துவிட்டதாகச் சொன்னார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

நம் வாசகர்களுள் ஆசிரியர்கள் பலர் உள்ளனர். தேர்வு முடிவுகள் வரும் கோடையில் உங்கள் அறை வாயிலில் 'இன்னொருக்கா எழுதட்டுங்களா' என்று கேட்டு ஒருவர் நிற்பார். அவருக்கு வேண்டிய விடையைச் சொல்லுங்கள். பிறகு வகுப்பின் பெயர்ப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கேட்க வராதவர் யார் என்று அதில் தேடுங்கள். அவரை அழைத்து அந்தக் கேள்வியை நீங்களே கேட்டுவிடுங்கள். நாம் அதை ஓராண்டு தாமதமாகத்தான் செய்தோம்.